துணிவு உண்டு, துணை எங்கே?

இருங்காட்டுக்கோட்டையிலே உருவாகும் மோட்டார் வண்டி, சென்னைத் துறைமுகத்திலே கப்பலேறுகிறது. கடல் பல கடக்கிறது. கண்காணாச் சீமையின் வீதிகளிலே வலம் வருகிறது. சுங்குவார்சத்திரத்திலே பெண்களின் விரல் நுனியிலே உருப்பெறும் கைப்பேசி, அமெரிக்கச் சீமான்களின் சட்டைப் பையிலே குடியேறுகிறது. திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழில் வட்டாரத்தின் பண்டங்களுக்கு உலகமே உள்ளங்கையளவு! பண்டம் படைத்திட்ட பாவைக்கு? ஆலைப் பேருந்து, விடுதிக் கட்டில், மீண்டும் ஆலைப் பேருந்து! பண்டம் கடல் கடந்தால் வாழ்த்துப் பா பாடிடும் நாடு, பெண் கடல் கடக்கிறேன் என்றதும் வாயிலை மறித்து நிற்கிறதே, ஏன் தோழர்களே?

ஒரகடத்துக்கும் கடலோட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு, சொல்கிறேன். அதற்கு முன், நாடகம் எழுதிப் பழகிய என் கை, ஒரு சிறு காட்சியை எழுதிட அனுமதி கேட்கிறது. பாய்மரப் படகோட்டப் போகிறேன் என்கிறாள் ஒரு பெண். எதிரே ஊர்ப் பெரியவர்.

"கடலுக்கா? பெண்ணா?"

"ஆம் ஐயா, பயின்றிருக்கிறேன்."

"காற்றடிக்குமே!"

"காற்றடித்தால்தானே பாய் விரியும்!"

"இரவு வருமே!"

"விண்மீனும் உடன் வருமே!"

"அது கிடக்கட்டும். துணைக்கு யார்?"

இதுவரை பளிச்சிட்டுப் பதில் சொன்னவள், இந்தக் கடைசிக் கேள்வியிலே வாயடைத்து நிற்கிறாள். அச்சத்தால் அல்ல, விடை உண்மையிலேயே இல்லாததால்! பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டது கதவை அடைப்பதற்கு. அதே கேள்வியைக் கதவைத் திறப்பதற்காக நாம் கேட்போம். துணைக்கு யார்? எவரைத் துணையாக்குவது? எப்படி ஆக்குவது?

பழமை பேசுவோர் உடனே ஏட்டைப் புரட்டுவர். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்ற பொருள்படத் தொல்காப்பியப் பொருளதிகாரத்திலே நூற்பா ஒன்று உண்டு என்பர். உண்டு, மறுக்கவில்லை. உரையாசிரியர்கள் அதற்கு வெவ்வேறு பொருள் கண்டனர் என்பதும் உண்டு. அன்றிருந்த வழக்கை எடுத்துரைத்தது இலக்கணம். என்றென்றைக்குமான விலங்கைச் செய்து பெண்ணின் காலிலே பூட்டிடவில்லை! வழக்கு மாறினால் வாழ்வு மாறும். அந்த மாற்றத்துக்குக் குரல் எழும்பிய இடமும் நெடுந்தொலைவிலே இல்லை. 1929 பிப்ரவரியில், இந்தத் தொழில் வட்டாரத்துக்கு அருகிலே உள்ள செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்றது. எந்தத் தொழிலையும் மேற்கொள்ள ஆணுக்கு நிகரான உரிமை வேண்டும் என்றது. எந்தத் தொழிலையும் என்றால் கடலோட்டமும் அதிலே அடக்கந்தானே!

பெண்ணுக்குத் துணிவு போதாது என்போர் இருந்தால், அவர்களுக்குத் 'தாரிணி'யின் கதையைச் சொல்லுங்கள். 56 அடி நீளமுள்ள பாய்மரப் படகு அது. 2017 செப்டம்பரில் வர்த்திகா ஜோஷியின் தலைமையிலே கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர் அதிலே கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2018 மே மாதம் திரும்பினர். ஆறு பேர் என்பதால் முடிந்தது என்று முணுமுணுத்தவர்க்கு அடுத்த விடை வந்தது. 2024 அக்டோபர் 2 அன்று அதே படகிலே இருவர் மட்டும் ஏறினர். ஒருவர் கோழிக்கோட்டுத் தில்னா. மற்றவர் நம் புதுவையின் ரூபா அழகிரிசாமி! ஃபிரிமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என நான்கே துறைகளில் தங்கினர். தென் அமெரிக்காவின் தென்கோடியிலே, மாலுமிகள் நடுங்கிடும் கேப் ஹார்ன் முனையைக் கடந்தனர். 25,000 கடல் மைலுக்கு மேல் காற்றின் வலிமையை மட்டுமே கொண்டு ஓடி, 2025 மே 29 அன்று கோவாவிலே கரையேறினர். இந்த ரூபா கடற்படையிலே எந்தப் பிரிவு தெரியுமா? படைக்கலங்களின் தரத்தைச் சோதித்திடும் பிரிவு! தோழியரே, ஆலையிலே வரிசை வரிசையாக நின்று நீங்கள் ஆற்றிடும் பணியும் தரச் சோதனைதானே! பண்டத்தின் குறையைக் கண்டறியும் கண்ணுக்கு, அலையின் போக்கைக் கண்டறியத் தெரியாதா?

ஆகவே துணிவு உண்டு. அதிலே ஐயமில்லை. ஆனால் அந்தத் துணிவு எதன்மீது நின்றது என்பதையும் காண வேண்டும். ஒருவர் சுக்கான் பிடித்திருக்க மற்றவர் உறங்குவார். உறங்குபவரின் உயிர், விழித்திருப்பவரின் கையிலே! தனியாக, எங்கும் நில்லாமல், 2013-ஆம் ஆண்டு உலகைச் சுற்றி முடித்த முதல் இந்தியரான அபிலாஷ் டோமி, இவ்விருவருக்கும் ஆசானாக வாய்த்தார். படகு கொடுக்க ஒரு கடற்படை இருந்தது. ஆண்டுக்கணக்கிலே பயிற்சி இருந்தது. பயிற்சிக் காலத்திலும் சம்பளம் இருந்தது. கடலிலே இருவர், கரையிலே ஒரு கூட்டம்! அந்தக் கூட்டந்தான் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை.

தன்னந்தனியே பாய்மரப் படகிலே உலகைச் சுற்றிய முதல் பெண்மணி யார்? போலந்து நாட்டுக் கிறிஸ்டினா சோய்னோவ்ஸ்கா லிஸ்கியேவிச். 1976-லே கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறையிலிருந்து கிளம்பி, 1978-லே அங்கேயே திரும்பினார். அவர் அரசகுலத்துப் பெண்ணல்லர். செல்வச் சீமாட்டியும் அல்லர். கப்பல் கட்டும் தொழிலிலே பொறியாளர்! அவர் ஏறிச் சென்ற 'மஸூரெக்' படகு கதான்ஸ்க் கப்பல் தளத்திலே, அதே தொழிலிலே இருந்த அவருடைய கணவரின் மேற்பார்வையிலே உருவாயிற்று. 1975 அனைத்துலக மகளிர் ஆண்டு என்பதையொட்டி, ஒரு பெண்ணை உலகைச் சுற்ற அனுப்பிட வேண்டும் என்று முனைந்தது அந்நாட்டுப் படகோட்டிகள் சங்கம். தொழில் நகரம் ஒன்று, தன் பெண்ணுக்குப் படகு செய்து தந்து வழியனுப்பிற்று! தனியாகப் போனார் என்கிறது வரலாறு. தனியாகவா போனார்? தளமும் சங்கமும் இல்லமும் அல்லவா உடன் போயின!

நம் சென்னையின் நேத்ரா குமணனைப் பாருங்கள். ஒலிம்பிக் படகோட்டப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021-லே நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலே 35-ஆம் இடம். 2024-லே பாரிஸ் நகரத்து ஒலிம்பிக்கிலே 21-ஆம் இடம். ஏறுமுகந்தான், எழுச்சிதான்! ஆனால் பயிற்சிக்கு அவர் கேனரித் தீவு வரை செல்ல நேர்ந்தது. வங்கக் கடலிலே காற்றில்லையா? காற்றுக்குப் பஞ்சமில்லை, உடன் ஓட்டிப் போட்டியிட, அந்தத் தரத்திலே பெண்கள் பத்துப் பேர் இங்கில்லை. ஒருத்தி மட்டும் ஓடினால் அது சாதனை. நூறு பேர் ஓடினால்தான் அது வழக்கம்!

இப்போது ஒரகடத்துக்கு வருவோம்.

கடலுக்குப் போகிறவளுக்கும், கிராமத்தை விட்டு ஆலைக்கு வருகிறவளுக்கும் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றேதான்: துணைக்கு யார்? 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதி ஒன்றிலே உணவு நஞ்சாயிற்று. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். நடந்தது என்ன, நோயுற்ற தோழியர் எங்கே என்று கேட்டுப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்தனர். ஆலை சில வாரம் மூடப்பட்டது. விடுதிகள் சில தன் தர விதிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்பிற்று. எண்ணிப் பாருங்கள்! சோற்றுக் குறையைச் சொல்லிட ஓர் அவை இருந்திருந்தால், குளிரிலே நெடுஞ்சாலையிலே அமர்ந்திருக்க வேண்டிய தேவை வந்திருக்குமா?

பிறகு மாற்றம் வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலிலே 18,720 பேர் தங்கிடும் விடுதி, 706.50 கோடி ரூபாய்ச் செலவிலே திறக்கப்பட்டது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் கட்டில் கொடுத்ததோடு கடமை முடிந்ததா? ஒரே கூரையின்கீழ் பதினெட்டாயிரம் பேர் உறங்குவதாலேயே அவர்கள் ஒரு சமூகமாகிவிடுவதில்லை. காவல் முறை மாற்றி, ஒருவர்க்கு மற்றவர் விழித்திருக்கும்போதுதான் அது சமூகம்!

பசிக்குச் சோறு கேட்பவளிடம் பாய்மரப் படகைப் பற்றிப் பேசுவதா என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களுக்குச் சொல்வேன்: சோறும் அவள் உரிமை, கடலும் அவள் உரிமை. உழைப்பவளுக்கு உண்டியும் உறையுளும் போதும், விளையாட்டும் வீரமும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே என்று எவர் எழுதி வைத்தார்? இந்த விடுதிகளிலே ஒரு மீனவர் மகள் இருக்கக்கூடும். அண்ணனும் தம்பியும் கட்டுமரம் ஏறக் கண்டு, தான் மட்டும் கரையிலே நிறுத்தப்பட்டவளாக இருக்கக்கூடும். அவளுக்கு நாம் சொல்லும் விடை என்ன?

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, விடுதிதோறும் பெண்கள் தாமே தேர்ந்தெடுக்கும் மன்றம் வேண்டும். உணவைச் சுவைத்துப் பார்க்கவும், கணக்கைக் கேட்கவும், நோயுற்றவளை நள்ளிரவிலே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் உரிமையும் பொறுப்பும் அதற்கு இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடந்தோறும், பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் தலைவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். அந்தக் குழு ஏட்டிலே இருந்தால் போதாது. அதிலே இருப்பவர் யார், எவரிடம் முறையிடுவது என்பது ஒப்பந்தத்திலே வந்த கடைசிப் பெண்ணுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கடல்! 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்திலே நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பணிகளின் பட்டியலிலே இருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கிலே படகோட்டப் போட்டிகள் 10. ஆடவர்க்கு 4, மகளிர்க்கு 4, இருபாலரும் சேர்ந்து ஓட்டுவது 2. பிறகென்ன தயக்கம்? ஒரகடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் வங்கக் கடல்! விடுமுறை நாளிலே ஒரு பேருந்து, சில சிறு படகுகள், உயிர்காப்பு உடை, நீச்சலும் படகோட்டமும் கற்பிக்கும் ஆசிரியர். மோட்டார் வண்டியைப் பூட்டத் தெரிந்த வட்டாரத்துக்கு இது மலையைப் பெயர்க்கும் வேலையா?

விளம்பரத்துக்காக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, மாலையிட்டுப் படமெடுத்து, மறுநாள் மறந்துவிடும் வித்தை நமக்கு வேண்டாம். ஒருத்தி படகேறினால் அவள் பணி நேரத்தை ஏற்றிடத் தோழியர் பத்துப் பேர், ஊதியம் குறையாமல் விடுப்புத் தரும் நிர்வாகம், போய் வா மகளே என்று வழியனுப்பிடும் தாய் தந்தையர், இத்தனையும் வேண்டும். கடலிலே சுக்கான் பிடிப்பவள் அவளாக இருக்கட்டும். கரையிலே விழித்திருப்பவர் நாமாக இருப்போம்! அப்போது ஊர்ப் பெரியவர் மீண்டும் வந்து கேட்கட்டும், துணைக்கு யார் என்று. ஆலை வாயிலிலிருந்தும் விடுதி மாடத்திலிருந்தும் ஆயிரம் குரல் எழட்டும்: நாங்கள் இருக்கிறோம்!