தூக்காதீங்க பாஸ்... ஏறி நில்லுங்க!

செமஸ்டர் லீவு எப்படிப் போச்சு? எனக்கு இந்த லீவுல ரெண்டு சொத்து கிடைச்சுது. ஒண்ணு, வலது முழங்கால்ல ஒரு தழும்பு. இன்னொண்ணு, ஒரு வித்தை. தழும்பு எனக்கே இருக்கட்டும். வித்தையை உங்களுக்குத் தர்றேன்.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். அப்பா, மாமா, சித்தப்பா, ஹாஸ்டல் ஃப்ரெண்டுன்னு யார்கிட்டயாவது ஒரு கனமான பைக் இருக்கும் இல்லையா? அதை ஓட்டிக் காட்டுறது பெரிய விஷயமே இல்லை. கியரைப் போட்டா அது பாட்டுக்குப் போகும். நிறுத்திட்டு, யாரையும் கூப்பிடாம, தனி ஆளா டபுள் ஸ்டாண்டு போடுங்க பார்ப்போம்! என்ன பாஸ், யாராவது பார்க்கிறாங்களான்னு கண்ணு சுத்தி முத்தி அலையுதா? அப்ப நீங்க நம்ம கட்சி!

எங்க வீடு திருச்சி, உறையூர்ல. வாசல்ல வண்டி நிக்கிற இடம் ரொம்பச் சின்னது. சைடு ஸ்டாண்டு போட்டா சாய்ஞ்சுக்கிட்டு மொத்த வழியையும் அடைச்சுக்கும். அதனால எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து, அப்பா ராத்திரி வந்ததும் புல்லட்டை டபுள் ஸ்டாண்டுலதான் போடுவார். 'டக்'குனு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அம்மா தோசைக்கல்லை அடுப்புல வைப்பாங்க.

இந்த வருஷம் அப்பாவுக்கு முதுகுல டிஸ்க் ஆபரேஷன். 'ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது'ன்னுட்டார் டாக்டர். புல்லட் என் பொறுப்புக்கு வந்துச்சு. என் எடை 54 கிலோ. இப்ப ஷோரூம்ல நிக்கிற புல்லட் 350, பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து 195 கிலோ. எங்க வீட்டுது பழைய வண்டி, கொஞ்சம் குறைவா இருக்கலாம். அன்னிக்கு இருந்த நிலைமைக்கு எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்!

முதல் நாள். பின்னாடி கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மூச்சை அடக்கி, 'ம்ம்ம்...'னு தூக்கினேன். அசையலை. ரெண்டாவது தடவையும் அசையலை. மூணாவது தடவை அசைஞ்சுது. எனக்கு எதிர்ப்பக்கமா! வண்டி வலது பக்கம் சாய, நானும் விடாம அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே மேல விழுந்தேன். அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டியே வெளியே வந்துட்டாங்க. 'புள்ளைக்கு சத்தே இல்லையேம்மா'ன்னு எங்கம்மாகிட்ட ஒரு கமென்ட் வேற.

அதுவரைக்கும் காமெடிதான். அடுத்த நாள் காலையில அஞ்சு மணிக்கு வாசல்ல ஏதோ அரவம். எட்டிப் பார்த்தா, இடுப்புல பெல்ட்டோட அப்பா! புல்லட் பக்கத்துல, ஸ்டாண்டு கம்பி மேல ஒரு கால் வெச்சுக்கிட்டு நிக்கிறார். அம்மா போட்ட சத்தத்துல காலை எடுத்துட்டு, 'சும்மாதான் பார்த்தேன்'னார். சும்மா இல்லைன்னு எங்க மூணு பேருக்குமே தெரியும். நான் கத்துக்கலைன்னா அவர் மறுபடியும் 'சும்மா' பார்ப்பார். அதான் மேட்டர்.

நேரா மெக்கானிக் கடைக்கு ஓடினேன். அங்கே வேலை பார்க்கிற தம்பி என்னைவிட ஒல்லி. வாயில ஸ்பேனரைக் கவ்விக்கிட்டு, ஒரு புல்லட்டை 'டக்'குனு ஸ்டாண்டுல ஏத்திட்டு அவன் பாட்டுக்குப் போறான்! 'எப்படிப்பா?'ன்னு கேட்டேன். 'நீங்க தூக்குறீங்கண்ணே. தூக்காதீங்க, ஏறி நில்லுங்க. வண்டி தானா வரும்'னான்.

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன் நான். தரை பிளந்து உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு. ஏன்னா, அவன் சொன்னது ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச நெம்புகோல் தத்துவம். டபுள் ஸ்டாண்டு போடறப்ப வண்டியோட எடை மையம் கொஞ்சமாத்தான் உயரும். பேச்சுக்கு 3 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. 195-ஐ 3-ஆல பெருக்கினா 585. என்னோட 54 கிலோ, கம்பி மேல நின்னபடி 11 சென்டிமீட்டர் கீழே இறங்கினா 594. கணக்கு டேலி! உரசலைச் சமாளிக்க கையால ஒரு சின்ன உதவி போதும். கை வலிமையே முக்கியம் இல்லைங்க, நம்ம உடம்பு எடை போய்ச் சேர வேண்டிய இடம் கால்!

சரி, பிராக்டிகலுக்கு வருவோம். தரை சமமா, கெட்டியா இருக்கணும். மண்ணு, ஈர டைல்ஸ் எல்லாம் வேண்டாம். ரப்பர் செருப்பும் வேண்டாம், ஷூ போடுங்க. இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், பிரேக்ல கை வைக்காதீங்க. ஸ்டாண்டு ஏறும்போது வண்டி லேசா பின்னாடி வரணும், அதுக்கு வழி விடணும். வண்டிக்கு இடது பக்கம் நில்லுங்க. இடது கை ஹேண்டில்பார்ல, வலது கை சீட்டை ஒட்டி இருக்கிற கம்பியில. சைடு ஸ்டாண்டு இறங்கியே இருக்கட்டும். உங்க பக்கம் சாய்ஞ்சா அது தாங்கிக்கும்.

இப்ப வண்டியை நேரா நிமிர்த்தி, வலது காலால ஸ்டாண்டு கம்பியை மெதுவா அமுக்குங்க. இங்கேதான் சூட்சுமம். ஸ்டாண்டோட ரெண்டு பாதமும் தரையைத் தொடணும். வண்டியை லேசா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் அசைச்சுப் பார்த்தா காலுக்கே தெரியும். ஒரு பாதம் மட்டும் தொட்டுக்கிட்டு இருக்கும்போது மிதிச்சா வண்டி ஒரு பக்கமா திரும்பிக்கும். நான் விழுந்தது அதனாலதான். ரெண்டும் தொட்டாச்சா? முதுகை வளைக்காம, மொத்த எடையையும் கம்பி மேல போட்டு, மாடிப்படி ஏறுற மாதிரி ஏறி நில்லுங்க. வலது கை வண்டியைப் பின்பக்கமா இழுத்து வழி காட்டினா போதும். 'டக்'! அப்பவும் ஏறலையா? ஒரு இஞ்ச் கனத்துல பலகைத் துண்டு எடுத்து, பின்சக்கரத்தை அது மேல உருட்டி நிறுத்திட்டுப் போடுங்க. ஏற வேண்டிய உயரம் பாதி அங்கேயே குறைஞ்சிடும்.

லீவு முடிஞ்சு காலேஜ் வந்தா அடுத்த பரீட்சை. ஹாஸ்டல் ஃப்ரெண்டுகிட்ட அப்பாச்சி ஆர்.ஆர். 310. நம்ம ஓசூர்ல டி.வி.எஸ். தயாரிக்கிற வண்டி, எடை 174 கிலோ. இதுல டபுள் ஸ்டாண்டே கிடையாது! ஸ்போர்ட்ஸ் பைக் பலதுலயும் இதே கதைதான். எடையும் குறையும், வளைவுல சாயும்போது தரையில உரசவும் செய்யாது. ஆனா 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது செயினைத் துடைச்சு லூப் அடிக்கணுமே? அதுக்குப் பின்சக்கரம் தரையைத் தொடாம சுத்தணுமே? அதுக்குத்தான் 'பேடாக் ஸ்டாண்டு'. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் போட்டோக்கள்ல பைக்குகளோட பின்சக்கரத்துக்கு அடியில சக்கரம் வெச்ச ஒரு கம்பி ஃபிரேம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அதான்.

பின்சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம்ல ரெண்டு பக்கமும் ஸ்பூல்னு சின்ன உருளைகளைத் திருகணும். ஸ்டாண்டோட 'வி' கொக்கிகள் அதைப் பிடிச்சுக்கும். ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருத்தர் ஸ்டாண்டைப் போட்டுடலாம். தனி ஆளா? வரிசை தப்பாம செய்யணும். அவ்ளோதான்.

ஒண்ணு, முன் பிரேக் லிவரை வெல்க்ரோ பட்டையால இறுக்கிக் கட்டுங்க. வண்டி உருளாது. ரெண்டு, சைடு ஸ்டாண்டுக்கு அடியில ஒரு பலகைத் துண்டு. சாய்வு குறையும், நிமிர்த்துறது சுலபம். மூணு, வண்டிக்கு வலது பக்கம் கிட்டத்துலயே ஒரு சுவர் இருக்கட்டும். அந்தப் பக்கம் போனாலும் சுவர்ல சாயும், தரைக்குப் போகாது. நாலு, பின்னாடி இடது ஓரமா நின்னு, முதல்ல இடது பக்கக் கொக்கியை மாட்டுங்க. அப்புறம் இடது கையால வண்டியோட வாலைப் பிடிச்சு மெதுவா நிமிர்த்துங்க. வலது பக்கக் கொக்கி ஸ்பூலுக்கு நேரா வந்து உட்காரும். குனிஞ்சு ரெண்டையும் கண்ணால பார்த்துடுங்க. அஞ்சு, வலது கையை நேரா நீட்டி, ஸ்டாண்டோட கைப்பிடி மேல உடம்பைச் சாய்ங்க. குதிக்காதீங்க, ஜெர்க் கொடுக்காதீங்க. பின்பக்கம் ஏறுற எடை சுமாரா 87 கிலோ. நெம்புகோல் நாலுக்கு ஒண்ணுன்னா நீங்க தர வேண்டியது 22 கிலோதான். பாருங்க, மறுபடியும் அதே பாடம்!

மூணு எச்சரிக்கை. செயின் துடைக்கும்போது இன்ஜின் ஆஃப்லதான் இருக்கணும். கியர்ல போட்டு ஓட விட்டு, செயின்ல துணியைப் பிடிச்சா, துணியோட விரலும் உள்ளே போயிடும். சக்கரத்தைக் கையால சுத்துங்க. அடுத்து, வண்டியை இறக்கறதுக்கு முன்னாடி சைடு ஸ்டாண்டு கீழே இருக்கான்னு பாருங்க. ஏத்தும்போது விழறதைவிட இறக்கும்போது விழற வண்டிதான் எங்க ஹாஸ்டல்ல ஜாஸ்தி. கடைசியா, வண்டி கை மீறிச் சாய ஆரம்பிச்சா விட்டுட்டு விலகிடுங்க. இண்டிகேட்டர் கடையில கிடைக்கும், கால் எலும்பு கிடைக்காது. அதனாலதான் சொல்றேன், முதல் பத்து தடவை பக்கத்துல ஒரு ஆளை வெச்சுக்கிட்டுப் பழகுங்க. எனக்கு அந்த மெக்கானிக் தம்பிதான் நின்னான். நாலு நாள், கூலி தினம் ஒரு டீ!

அஞ்சாம் நாள் ராத்திரி. அப்பாவுக்கு மருந்து வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினேன். கூட யாரும் இல்லை. ரெண்டு பாதமும் தொட்டுச்சு. ஏறி நின்னேன். 'டக்'.

உள்ளே அம்மா தோசைக்கல்லை அடுப்புல வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்பா வெளியே வரலை. டி.வி-யில இருந்து கண்ணை எடுக்காமலே, 'வண்டி நேரா நிக்குதுல்ல, அப்படியே ஆயில் லெவலும் பார்த்துடு'ன்னார். அவ்ளோதாங்க பாராட்டு!

ஆனா, மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு முழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். வாசல்ல எந்தச் சத்தமும் இல்லை. அப்பா நல்லாத் தூங்கிட்டிருந்தார்.

இந்த வாரம் ஊருக்குப் போனா உங்க வீட்டு வண்டியை நீங்களே ஸ்டாண்டு போட்டுப் பாருங்க மக்களே. அப்பாவைப் பக்கத்துல நிக்க மட்டும் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!