வண்டி வரும் வழி



சித்திரை முதல் நாள் நமக்குப் புத்தாண்டு. வாசலில் கோலம், அடுப்படியில் மாங்காய்ப் பச்சடி என்று வீடு கலகலப்பாக இருக்கும். அதே ஏப்ரல் 14 காலையில் நாடு முழுக்கத் தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவார்கள். அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்குச் செயல்விளக்கம் காட்டுவார்களே, அந்த வாரம்தான்.

ஏன் அந்தத் தேதி? 1944-ல் அதே நாள், பம்பாய் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ என்ற சரக்குக் கப்பல் நின்றது. உலகப் போர் நேரம். வெடிமருந்தையும் பஞ்சுப் பொதிகளையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். மதியம் பஞ்சில் புகை கிளம்பியது. வீரர்கள் கப்பலில் ஏறித் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாலை நாலு மணி சுமாருக்குக் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். வேறு எத்தனையோ நூறு பேரும் மாண்டார்கள்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி, முதுகுளத்தூர், கமுதி பக்கம் பருத்தி போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஞ்சுப் பொதிக்குள் விழுந்த பொறி உடனே வெளியே தெரியாது. உள்ளேயே கனன்றுகொண்டு கிடந்து, நாம் அணைந்துவிட்டது என்று நினைக்கும்போது கிளம்பும்.

இந்த மாதம் தீயணைப்பு வண்டியைப் பற்றி எழுதக் காரணம் வெளியே அடிக்கிற வெயில்தான். வைக்கோல் படப்பு, பனை ஓலைக் கொட்டகை, கரிமூட்டம், காய்ந்து கிடக்கும் சீமைக்கருவேலங்காடு எல்லாம் நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கூடவே கச்சான் காற்று. ஒரு பொறி போதாதா?

தீயை அணைக்கத் தெரியாத மனிதர்கள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கஷ்டமெல்லாம் தண்ணீரைத் தீ இருக்கும் இடத்துக்கு நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். 1670-களில் ஆம்ஸ்டர்டாமில் தோலால் ஹோஸ் செய்தார்கள். 1829-ல் லண்டனில் நீராவியால் ஓடும் பம்ப் வந்தது. அதையும் குதிரைதான் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. மோட்டார் வண்டி வந்த பிறகுதான் பம்பும் தண்ணீரும் ஆட்களும் ஒன்றாகக் கிளம்ப முடிந்தது.

நம் மாநிலத்தில் தீயணைப்புத் துறையின் பிறப்பு 1908-ல், மதராஸ் நகரத்தில். அது தொடங்கி ஆறு வருஷத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கடலில் நின்று குண்டு போட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. 1942-ல் ஜப்பான் விமானம் வரப்போகிறது என்று நகரமே காலியானபோது, குண்டுத் தீயை அணைக்க ஆட்களைப் பழக்க வேண்டிய அவசரம் வந்தது.

1975-ல் மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. கட்டடங்கள் உயர்ந்துகொண்டே போனால் ஏணியும் உயர வேண்டும் என்று சென்னைக்கு உறைத்தது அப்போது. இன்று 54 மீட்டர் எட்டும் ஸ்கை லிஃப்ட் வண்டி நம் துறையிடம் இருக்கிறது. 1985-ல் மூர் மார்க்கெட் சாம்பலானது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். இப்போது மாநிலத்தில் 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள். கிணற்றில் விழுந்த மாட்டை எடுப்பது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கரைசேர்ப்பது எல்லாம் அவர்கள் வேலையாகிவிட்டதால், துறையின் பெயரிலேயே ‘மீட்பு’ சேர்ந்துகொண்டது.

சென்னைக் கதை இருக்கட்டும். நம் கரையில் என்ன நடந்தது?

ராமேசுவரம் தீவுக்குச் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். அதற்கு முன் பாம்பனில் ரயில் பாலம் மட்டும்தான். தீவில் பெரிய தீ பிடித்தால், ராமநாதபுரத்திலிருந்து ஒரு தீயணைப்பு வண்டி சாலை வழியே ஓடிப்போய்ச் சேர வழியே கிடையாது. அத்தனை யாத்ரீகர்கள், அத்தனை ஓலைக் கொட்டகைகள், அத்தனை வருஷம்! நினைத்தால் இப்போதும் மனம் பதைக்கிறது.

அடுத்தது, நம்மில் பலர் பேசத் தயங்குகிற ஒரு விடியற்காலை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் கருகிப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த அப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. 2017-ல் வந்த மனநலச் சட்டம், சங்கிலி போடுவதையே தடை செய்தது.

அந்தக் கொட்டகையின் காய்ந்த ஓலை எவ்வளவு நேரத்தில் எரிந்து முடியும்? நம் ஊரில் அடுப்பெரித்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள், சொல்லிவிடுவார். எந்த வண்டியின் வேகமும் அதற்கு ஈடாகாது. மனிதரைக் கட்டிவைத்த இடத்தில், வண்டி வந்தும் என்ன பயன்? மூன்றே வருஷத்தில், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மறுபடியும் ஓலைக் கூரை, ஒடுங்கின படிக்கட்டு, 94 பிள்ளைகள். பள்ளிக்கூடங்களில் ஓலைக் கூரை கூடாது என்று அதன் பிறகு எல்லாருக்கும் தோன்றியது. ஒவ்வொரு விதியும் இப்படிச் சாவுக்குப் பிறகே வந்திருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நகரத்தில் கூப்பிட்ட 5 நிமிடத்தில் வண்டி வர வேண்டும், கிராமத்தில் 20 நிமிடத்தில். கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். நம் மாவட்டம் 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் எண்பது நிலையங்கள் வேண்டும். இருப்பதோ அதில் கால்வாசிகூட இல்லை.

நிலையத்திலிருந்து உங்கள் ஊர் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பிய வண்டி நம் ரோட்டில் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்கூட 24 நிமிடம் ஆகும். அந்த 24 நிமிடமும் நம் கையில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் மண்ணை அள்ளிப் போடலாம், அடுத்த படப்பை நனைக்கலாம், மாட்டை அவிழ்த்துவிடலாம். முதல் வேலை ஃபோன் பண்ணுவது. 101 அல்லது 112. “நாமே அணைச்சிரலாம்ப்பா, எதுக்கு அவங்கள அலையவைக்கணும்” என்று எத்தனை வீட்டில் பத்து நிமிடத்தை வீணடித்திருக்கிறார்கள்! பணம் கேட்பார்களோ என்ற பயமும் சிலருக்கு. தீயை அணைக்க வருவதற்குக் கட்டணம் கிடையாது. வண்டி பாதி வழியில் இருக்கும்போது நீங்களே அணைத்துவிட்டால், சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள்.

வண்டி வந்துவிட்டது. பிறகு? பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று சொல்கிறேன். வழக்கமான தீயணைப்பு வண்டியில் இருப்பது சுமார் 4,500 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 450 லிட்டர் பாயும் ஒரு குழாயைத் திறந்தால் பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். வைக்கோல் படப்புக்கு அது எந்த மூலைக்கு? “தண்ணியில்லாம வந்துட்டாங்க” என்று பழி போடுவது எளிது. மறுபடி நிரப்ப அவர்கள் எங்கே போவார்கள் என்று நாம் யோசித்ததுண்டா?

வண்டியில் உறிஞ்சு குழாய் இருக்கிறது. ஊருணியிலோ கண்மாயிலோ அதைப் போட்டு அவர்களே தண்ணீர் இழுத்துக்கொள்வார்கள். ஆனால் தண்ணீர் ஏழு எட்டு மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அந்தப் பம்ப் இழுக்காது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதன் பலம் அவ்வளவுதான். சித்திரையில் நம் கிணறுகள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். ஊருணியோ பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் கடல்தான் இருக்கிறதே என்பீர்கள். அவசரத்துக்குக் கடல்நீரையும் இழுக்கலாம். உப்பு பம்பை அரித்துவிடும் என்பதால் பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியிலும் தண்ணீர் நிரப்ப ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. மேல்நிலைத் தொட்டியின் அடியில் தீயணைப்பு ஹோஸ் மாட்டும்படி ஒரு வாய் வைத்தால் போதும். எந்த அளவு வாய் வேண்டும் என்று பக்கத்து நிலைய அலுவலரிடம் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார். தொட்டி வால்வைத் திறக்கும் ஆபரேட்டரின் ஃபோன் நம்பர் நிலையத்தில் எழுதியிருக்க வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு அவரைத் தேடிக்கொண்டு திரியக் கூடாது. இதற்குப் பெரிய திட்டமோ கோடிக்கணக்கான ரூபாயோ வேண்டாம்.

தெருவையும் கொஞ்சம் பாருங்கள். அந்த வண்டியின் அகலம் எட்டடிக்கு மேல். உங்கள் தெருவில் நுழையுமா? படியை நீட்டிக் கட்டியிருக்கிறோம், பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறோம், கல்யாணம் காதுகுத்து என்றால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிடுகிறோம். பந்தல் போடுவதில் தவறில்லை. ஒரு பக்கமாவது வண்டி போக இடம் விடலாம் அல்லவா? பந்தலே பற்றிக்கொள்வதும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரியில் எரிந்தது ஒரு கல்யாணப் பந்தல்தான். மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

வீட்டளவில் இரண்டே விஷயம். கேஸ் வாடை அடித்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள். கரிமூட்டம் போடுகிறவர்கள் காற்று திரும்பும் திசையில் ஓலை வீடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பிழைப்பு என்று எனக்குத் தெரியும், அதை நிறுத்தச் சொல்லவில்லை.

புது நிலையங்கள் கேட்டு நாம் மனு கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். தீயணைப்புத் துறையை விரிவாக்க மாநிலங்களுக்காக மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நம் பக்கத்து ஊர்களும் அந்தக் கணக்கில் வர வேண்டும். ஆனால் நிலையம் கட்டி, வண்டி வந்து, ஆள் போட வருஷங்கள் ஆகும். தொட்டிக்கு ஒரு வாய் வைக்க ஒரு வாரம் போதும்.

மே 1 அன்று ஊராட்சிதோறும் கிராம சபை கூடும். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் நிரப்பும் இடம், வண்டி நுழையும் தெரு, ஆபரேட்டர் நம்பர் ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அக்காமார்களும் தங்கச்சிமார்களும் கேட்டால் தலைவர் மறுக்க மாட்டார். தீர்மான நகலை எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் உங்கள் ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம். எழுத மறுத்தார்கள் என்றாலும் சொல்லுங்கள், அதையும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்