லூடோ பகடை போதும் மக்களே

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே கதை வளர்க்கும் மேஜை விளையாட்டு மேல் ஆசை வந்தால், புனேயில் பொட்டி தட்டும் நம்மாட்கள் முதலில் செய்வது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தடிப் புத்தகங்கள் மூன்றையும் வாங்குவது. அதோடு ஆசை அலமாரிக்குள் போய்விடும். 1974-ல் வந்த பெரிய ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதுசாக ஆரம்பிக்க என் ஓட்டு, ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' (2013) ஆட்டத்துக்கு. மொத்த விதியும் ஒரே பக்கம், இலவசம். நீங்கள் விண்கலத்தில் ஒரு ஆள். 2 முதல் 5-க்குள் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையால் சாதிக்கப் பகடையில் அதைவிடக் குறைவாக விழணும், மனசால் சாதிக்க அதிகமாக. அதே எண் விழுந்தால் இன்னும் விசேஷம்: ஜெயிப்பதோடு, கதை நடத்துபவரிடம் ஒரு கேள்வியும் கேட்கலாம். அவர் பொய் சொல்லக்கூடாது!

தயவுசெய்து தமிழிலேயே ஆடுங்கள். விதி இங்கிலீஷில் இருந்தால் என்ன, வாய் நம்மதுதானே? வாரம் முழுக்க மீட்டிங்கில் வார்த்தையை அளந்து பேசும் தம்பி, "ஏலே, கதவ ஒடைங்கலே!" என்று கத்துவதைக் கேட்கணும். நாலு பேர் நாலு போனோடு முடங்கும் வாடகை வீட்டில் சனிக்கிழமை ராத்திரிக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை. தடிப் புத்தகம் அடுத்த போனஸில் வாங்கிக்கலாம்.