வருகைப் பதிவேட்டைப் படிக்கக் கற்போம்

சக மாணவர்களின் துன்புறுத்தலை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே நாம் பார்க்கிறோம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், அதைக் கல்வி இழப்பாகவும் கணக்கிட வேண்டும் என்பேன். இந்தியா பங்கேற்காத 2018-ஆம் ஆண்டு 'பிசா' ஆய்வில், அடிக்கடி துன்புறுத்தப்பட்ட மாணவர்கள் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களைவிட 21 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். குடும்பப் பொருளாதாரப் பின்னணியைக் கணக்கில் கொண்ட பிறகும் இதே நிலைதான். இத்தகைய பிள்ளைகள் பள்ளிக்கு வராமலிருக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ அறிக்கை.

நாங்குநேரி நிகழ்வு இதற்கு நம் மண்ணின் சாட்சி. சக மாணவர்களின் சாதிரீதியான துன்புறுத்தலால் அந்தப் பட்டியலின மாணவர் முதலில் செய்தது, பள்ளிக்குப் போவதை நிறுத்தியதுதான். காரணம் வெளிவந்து, புகார் அளிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து வெட்டப்பட்டார். பின்னர் வேறு பள்ளியில் படித்த அவர், 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றார். குறை மாணவரிடம் இல்லை; வகுப்பறையில் இருந்தது.

போடிநாயக்கனூரில் இந்த எச்சரிக்கை கண்ணில் படாமல் போவது இன்னும் எளிது. பெற்றோர் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போனதா என்று பார்க்கப் பகலில் வீட்டில் ஆளில்லை. வராத பிள்ளையைப் பற்றி, 'காய் எடுக்கப் போயிருக்கும்' என்று பள்ளியும் முடிவு கட்டிவிடலாம். வறுமை என்னும் தயார் விடை, அச்சத்தை மறைத்துவிடுகிறது. நாம் கொண்டாடும் தேர்ச்சி விகிதமும் உதவாது. அது தேர்வு எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. இடையில் நின்ற பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 500-க்கு மேல் மாணவர்கள் பயிலும் பள்ளிகளுக்கு நல அலுவலரை நியமிக்க அது பரிந்துரைத்தது. நல்ல யோசனை; ஆனால், அந்த வரம்பு மலையடிவாரத்துச் சிறு பள்ளிகளை விட்டுவிடும். பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் அலுவலரை அமர்த்தலாம். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையிடம், நம்பகமான ஆசிரியர் ஒருவர் தனியே பேசிக் காரணத்தைப் பதிய வேண்டும். புகார் தரும் பிள்ளையின் பாதுகாப்புக்கு அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. பதிவேட்டில் விழும் வெற்றிடத்தைச் சோம்பலென்றோ வறுமையென்றோ கேட்காமலே முடிவுசெய்யாதிருந்தால், அதுவே தொடக்கம்.