வானத்தைப் பார்த்து வீட்டுக்கு அனுப்புங்கள்

நம்மூரில் பனி என்றால் மார்கழி விடியலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளும் அளவுதான். டொரோன்டோவில் இருக்கும் என் மருமகனுக்கு அப்படியில்லை. "நாப்பது நிமிஷ தூரம் மாமா, அன்னைக்கு ஸ்நோவில் அஞ்சு மணி நேரம் ஆச்சு" என்றார் ஒருமுறை. காரில் எப்போதும் ஒரு கம்பளி, தண்ணீர், பிஸ்கட், சின்ன மண்வெட்டி வைத்திருக்கிறாராம். அவர் சொன்ன பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன்.

2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் விழுந்த பனி இரண்டு மூன்று அங்குலம்தான். டொரோன்டோக்காரர்கள் அதைப் பனி என்றே சொல்லமாட்டார்கள். ஆனால் பனி விழ ஆரம்பித்த பிறகு பள்ளிக்கூடம், கம்பெனி, அரசு அலுவலகம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. ஊரே ஒன்றாக ரோட்டுக்கு வந்தது. உப்பும் மணலும் தூவும் லாரிகள் நகர வழியில்லை. ஆயிரக்கணக்கானோர் இரவைக் காரில் கழித்தார்கள். பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே தூங்கினார்கள். அன்று ஊரை முடக்கியது பனியைவிட, தாமதமாக எடுத்த முடிவுதான்.

நமக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. சென்னையில் வேலைக்குப் போன எத்தனையோ பேர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தெற்குப் பக்கம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. மழை பெய்தது ஞாயிற்றுக்கிழமை. வேலை நாள் சாயங்காலமாக இருந்திருந்தால் எத்தனை பேர் ரோட்டில் மாட்டியிருப்பார்கள்!

வானம் பார்த்து வேலையை நிறுத்துவது நம் பகுதிக்குத் தெரியாததும் அல்ல. இடி மின்னல் என்றால் பட்டாசு ஆபீஸில் மருந்து வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிட வேண்டும். அது விதி. மருந்துக்குக் காட்டும் அந்த எச்சரிக்கையை, வேலை முடிந்து வேனிலும் பைக்கிலும் போகிறவர்கள் உயிருக்கும் காட்டலாமே என்பதுதான் என் வாதம்.

வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், மழை இறங்கும் முன்பே ஆட்களை விட வேண்டும். தூரத்து ஊர்க்காரர்கள் முதலில், பக்கத்து ஊர்க்காரர்கள் பிறகு என்று பிரித்து விட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் யாரையும் கிளப்பக் கூடாது. பாதுகாப்பான கட்டடத்தில் தங்கவைத்து, இரண்டு இட்லியாவது வாங்கிக் கொடுக்கலாம். ஒரு ராத்திரி வீட்டுக்கு வராததில் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொன்று ரயில்வே சுரங்கப்பாதை. லெவல் கிராசிங்குகளை எடுத்துவிட்டுப் பல இடங்களில் இதைத்தான் கட்டியிருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே காரை மிதக்கவைத்துவிடும். இருட்டில் ஆழம் தெரியாது. தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள், சுற்றுப்பாதையில் அரை மணி நேரம் அதிகமானாலும் பரவாயில்லை.

"சீக்கிரம் விட்டால் கூலி போய்விடுமே" என்பார்கள். நியாயமான கேள்விதான். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் என்பது வீட்டுக்கான காய்கறிக் காசு. அதனால்தான் அவர்களாகக் கிளம்பமாட்டார்கள். அந்த இரண்டு மணி நேரக் கூலியை முதலாளி கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். வருஷத்தில் இரண்டு மூன்று நாள் வந்தால் அதிகம். தீபாவளி ஆர்டர் நெருக்கடியும் ஐப்பசி மழையும் ஒன்றாக வரும் ஊர் இது. கடைசி வாரத்தில் யோசித்தால் யாருக்கும் விட மனசு வராது.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று போர்மேனாகவும் மேனேஜராகவும் இருக்கிறார்கள். ஐப்பசி வருமுன் ஒரு நாள் சாப்பிடும்போது அவர்களிடம் இந்தப் பேச்சை எடுங்கள்.