கையிற் பிடித்தெடுக்கும் அண்மைப்படம்

சிற்றுயிர்களைக் கொன்று ஊசியிற் கோத்து வைத்தலினும், உயிருடன் படம்பிடித்து வைத்தல் சாலச் சிறந்ததென்பது நம் கருத்து. ஆயின், அதன்பொருட்டு மாக்ரோ லென்ஸ் வாங்கப் புகும் மாணவருட் சிலர், குவியத்தூரம் மிக்கதே மேலானதென மயங்கி, அரிதிற் சேர்த்த பணத்தை வீணாக்குகின்றனர்.

பூச்சியை அதன் மெய்யளவிற் பதிக்குங்கால், 60 மில்லிமீட்டர் லென்ஸ் மிக நெருங்கவேண்டுதலின், நம் நிழல் அதன்மேல் விழும், பூச்சியும் பறந்துவிடும். 180 மில்லிமீட்டர் லென்ஸோ எட்டி நிற்க இடந்தரும்; எனினும், கானன் கம்பெனியாரின் அத்தகைய லென்ஸ் 1090 கிராம் எடையுள்ளது; நடுக்கந் தணிக்கும் அமைப்பும் அதற்கில்லை. முக்காலியின்றி அதனைக் கையாளல் அரிது. அக்கம்பெனியார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட 100 மில்லிமீட்டர் லென்ஸ் 625 கிராமே. கை சாய்தலால் மட்டுமன்றிப் பக்கவாட்டில் அசைதலாலும் உண்டாகும் நடுக்கத்தை ஓரளவு தணிப்பது. ஆதலின், கையிற் பிடித்தெடுப்பார்க்கு 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையுள்ள நடுத்தரமே தக்கதென்போம்.

நிற்க. முன்பின் அசைவை அவ்வமைப்பு தடுக்கமாட்டாது. மெய்யளவுப் படத்தில், எஃப் 8 துவாரத்திலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே. ஆகவே, முழங்கையை ஊன்றி மூச்சடக்கிப் பழகுதல் இன்றியமையாதது. பொருள்வசதியில்லாதார், உள்ள லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே நீட்டுவளையமொன்றைப் பொருத்தி அப்பழக்கத்தை இன்றே தொடங்குவாராக. லென்ஸைப் பின்னர் வாங்கலாம்.