பழைய கார் நின்றால் பேட்டரி மட்டும்தான் குற்றவாளியா?

முகூர்த்த நாள் மாலை, சிதம்பரம் கீழவீதியில் மாப்பிள்ளை ஊர்வலம் என்று வைத்துக்கொள்வோம். பூ அலங்காரத்தோடு பழைய அம்பாசடர். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் கார். ஹெட்லைட் எரிகிறது. இரண்டு மணி நேரம் கழித்து மண்டப வாசலில் சாவியைத் திருப்பினால் 'டொக்' என்ற சத்தத்தோடு சரி. "பேட்டரி அவுட்டு சார், புதுசு போட்டுடலாம்" என்பார்கள். போடுவோம். அடுத்த முகூர்த்தத்தில் மறுபடியும் அதே 'டொக்'!

பல நேரங்களில் இதில் பேட்டரி மேல் தப்பே இல்லை. அது சேமிப்புக் கணக்கு மாதிரி. அதில் பணம் போட வேண்டியது டைனமோ. சம்பாத்தியத்தைப் பார்க்காமல் உண்டியலை மட்டும் மாற்றினால் காசு எப்படிச் சேரும்?

டைனமோ என்ன செய்கிறது?

பழைய அம்பாசடர், ஃபியட் 1100, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்களில் இருந்தது டைனமோதான். இன்ஜின் சுழலும்போது ஃபேன் பெல்ட் வழியாக டைனமோவுக்குள் இருக்கும் ஆர்மேச்சரும் சுழலும். காந்தப்புலத்தில் அது சுழல்வதால் மின்சாரம் பிறக்கிறது. அதை நேர்மின்னோட்டமாக வெளியே எடுத்துக் கொடுப்பவை கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோவில் பிறக்கும் வோல்டேஜ் பேட்டரியை விடக் குறைவு. அப்படியே இணைப்பில் விட்டால் பேட்டரியின் கரன்ட் டைனமோவுக்குள் திரும்பிப் பாயும். அதைத் தடுக்கத்தான் 'கட்-அவுட்'. டைனமோவின் வோல்டேஜ் சுமார் 13-ஐ எட்டினால் இணைக்கும், இன்ஜின் வேகம் இறங்கினால் துண்டிக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் "இப்போ வரவு இல்லை, செலவு மட்டும்தான்" என்று அர்த்தம். பக்கத்திலேயே இருக்கும் ரெகுலேட்டர், வோல்டேஜ் எல்லை மீறி பேட்டரியைக் கொதிக்க வைக்காமல் பார்த்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

45 வாட் ஹெட்லைட் இரண்டு, பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்தால் சுமார் 13 ஆம்பியர். இரண்டு மணி நேர ஊர்வலத்தில் 26 ஆம்பியர்-மணி போய்விடும். பேட்டரி 60 ஆம்பியர்-மணி என்றால் கிட்டத்தட்ட பாதி காலி. அலங்கார விளக்கையும் அதிலேயே மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

போனது எப்படித் திரும்பும்? அந்தக் கால லூகாஸ் சி-40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர், அதுவும் நல்ல வேகத்தில் ஓடினால். மறுநாள் பகலில் புதுச்சத்திரம் வழியாகக் கடலூர் வரை சுமார் 45 கி.மீ. நிற்காமல் ஓட்டினால், இழந்ததில் பாதி திரும்பினாலே பெரிய விஷயம். வாரத்துக்கு ஒரு தடவை ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வரவு இல்லாத செலவு. செல்ஃப் அடித்த கரன்ட்கூட திரும்பாது.

ஆல்டர்னேட்டர் மாட்டிவிடலாமா?

ஆல்டர்னேட்டர் ஐடிலிலும் ஓரளவு சார்ஜ் தரும் என்பது உண்மை. அதில் சுழலும் பகுதிக்குச் சின்ன கரன்ட் போதும். பெரிய கரன்ட் சுழலாத பகுதியில் பிறந்து, டயோடு வழியாக நேர்மின்னோட்டமாகிறது. அதனால் அதை இன்னும் வேகமாகச் சுழல விடலாம். தினமும் டவுனுக்குள் ஓடும் வண்டிக்கு மாற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 50 வயது தாண்டிய வண்டியின் கதை வேறு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதிகள், அசல் நிலையில் பாதுகாக்கப்பட்ட வண்டிகளுக்கே 'விஏ' வரிசைப் பதிவெண் தருகின்றன. அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போய்வரும் வண்டிக்கு டைனமோ தாராளமாகப் போதும். இன்னொரு சௌகரியமும் உண்டு. டைனமோ தன் இரும்பில் தங்கியிருக்கும் காந்தத்தை வைத்தே மின்சாரத்தைத் தொடங்கிவிடும். ஆல்டர்னேட்டருக்குத் தொடக்கத்தில் பேட்டரியின் தயவு வேண்டும்.

முதலில் எதைப் பார்ப்பது?

பேட்டரி வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். முழு சார்ஜில், இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் 14 பக்கம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலூர் பக்கம் உப்புக்காற்று வேறு. டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், எர்த் ஒயர் அரித்திருக்கும். சுத்தம் செய்து வேஸ்லின் தடவினாலே பாதி நோய் தீரலாம். கட்-அவுட் முனைகள் ஒட்டிக்கொண்டால் மட்டும் அலட்சியம் வேண்டாம். இன்ஜின் நின்ற பிறகும் பேட்டரியின் கரன்ட் டைனமோவுக்குள் பாய்ந்து ஒயர் சூடாகும், தீயே பிடிக்கலாம்.

பிரஷ் மாற்றுவது, கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடிப்பது, கட்-அவுட்டின் இடைவெளியைச் சரிசெய்வது எல்லாம் கைவேலை. அது தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் உங்கள் ஊரில் இருந்தால், பேட்டரிக் கடைக்குப் போகும் முன் அவரிடம் வண்டியைக் காட்டுங்கள். வேலை வந்தால்தான் அந்த வித்தை அடுத்த கைக்குப் போகும்.